கத்தி விளையாட்டில் சுத்தமும் தொற்றும்: டெட்டாலில் முக்கி எடுத்தால் போதுமா?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகி

வணக்கம். நானும் என் கணவரும் முப்பதுகளில் இருப்பவர்கள், சேலத்தில் வசிக்கிறோம். இருவரும் மனமொத்து, முன்கூட்டியே பேசி முடிவு செய்த எல்லைகளுக்குள், படுக்கையறையில் கத்தியை வைத்து விளையாடும் பழக்கம் எங்களுக்கு உண்டு. ரத்தம் வரவழைப்பது எங்கள் நோக்கமன்று. கத்தியின் முதுகுப்புறத்தைத் தோலின் மேல் மெல்ல இழுப்பதும், அந்த இரும்பின் குளிர்ச்சியும், அசையாமல் இருந்தாக வேண்டிய கட்டாயமும்தான் எங்களுக்குப் பிடித்தவை. ஆனாலும் எப்போதாவது மெல்லிய சிவப்புக் கோடு விழுந்துவிடுகிறது. அதில் ஊசிமுனை அளவுக்கு ரத்தம் துளிர்ப்பதும் உண்டு.

சமையலறைக் கத்தி ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டால் கலந்த நீரில் முக்கி எடுத்து, துண்டால் துடைத்துப் பயன்படுத்துகிறோம். இது போதுமா, அல்லது அடுப்புத் தீயில் காட்டி எடுப்பதுதான் சரியா என்பது என் முதல் ஐயம். கணவன் மனைவிக்குள் நடக்கும் விஷயத்தில் ரத்தத்தால் பரவும் நோய்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்பது அடுத்தது. விரைவில் ஏற்காட்டில் அறை எடுத்து இரண்டு நாள் தங்கப் போகிறோம் என்பதால், அங்கே கூடுதலாக எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் குடும்ப மருத்துவர் என் மாமனாரின் நெடுநாள் நண்பர். அவரிடம் இதைக் கேட்க முடியாது என்பது உங்களுக்குப் புரியும். ஒழுக்கம் பற்றிய அறிவுரைகளைத் தவிர்த்து, சுத்தம் பற்றி மட்டும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: பச்சை அங்கி

நான் அறுவையரங்கில் பணிபுரியும் செவிலி. கருவிகளைக் கழுவி, பொதிந்து, நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்புவதுதான் என் அன்றாட வேலை என்பதால், கத்தியைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

எந்த மருந்தில் ஊறவைப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்படிக் கழுவுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. கத்தியில் கொழுப்போ, காய்ந்த ரத்தமோ, உணவுத் துணுக்கோ ஒட்டியிருந்தால், அதன் அடியில் இருக்கும் கிருமியை எந்தக் கிருமிநாசினியும் சரியாகத் தொடாது. எங்கள் துறையில் ஒரு கருவி கழுவப்படாமல் ஆட்டோகிளேவுக்குள் போனால், அது கிருமி நீங்கியதாகவே கணக்கில் வராது. ஆகவே வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, இதற்கென்றே வைத்திருக்கும் ஒரு பழைய பல் துலக்கி ஆகியவற்றைக் கொண்டு தேய்த்துக் கழுவுவதுதான் பாதி வேலைக்கும் மேல்.

அந்தத் தேய்ப்பு போய்ச் சேர வேண்டிய இடம் அலகு அன்று, கைப்பிடி. உங்கள் கத்தியின் அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பல்குச்சியின் முனையை அந்த இடுக்கில் ஓட்டினால் கருப்பாக, பிசுபிசுப்பாக ஏதோ ஒன்று வரும். கோழியும் வெங்காயமும் நறுக்கிய கத்தியில் அது வராமல் இருக்காது. மரக் கைப்பிடியாக இருந்தால் ரிவிட்டைச் சுற்றியும் இதே நிலைதான். மரம் நீரை உறிஞ்சிக்கொண்டு நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். சமையலறைக் கத்தி இதற்கு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பச்சைக் கோழி இறைச்சியில் இருக்கும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் கத்தி வழியாகப் படுக்கைக்கும், படுக்கையிலிருந்து கத்தி வழியாக மீண்டும் சமையலறைக்கும் பயணம் செய்ய எந்தத் தேவையும் இல்லை.

டெட்டாலைப் பொறுத்தவரை, முக்கி எடுப்பது என்பது ஏறத்தாழ ஒன்றுமே செய்யாததற்குச் சமம். எந்தக் கிருமிநாசினிக்கும் ஈரமாக ஒட்டியிருக்க வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. தவிர, அதிலுள்ள குளோரோசைலினால் என்ற வேதிப்பொருள் சிலவகைக் கிருமிகளிடம் வலுவற்றது. கலந்து வைத்த நீரை மூடி வைத்து மறுநாளும் பயன்படுத்தினால் அந்த நீரிலேயே கிருமி வளரக்கூடும். கழுவி உலர்ந்த அலகுக்கு 70 விழுக்காடு ஆல்கஹால் நல்லது. 95 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது இன்னும் வீரியமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிறிது நீர் கலந்திருந்தால்தான் ஆல்கஹால் கிருமியின் புரதத்தை நன்றாகச் சிதைக்கும். அலகு முழுதும் நனையும்படி துடைத்து, தானாகவே உலர விட வேண்டும். துண்டால் துடைத்துவிட்டால் அந்தத் துண்டில் உள்ளது எல்லாம் கத்திக்கு வந்துவிடும். நீங்கள் இதுவரை பட்ட பாடு அந்த ஒரு துடைப்பில் வீணாகிறது. ஆல்கஹால் காய்ந்து முடியும் வரை பக்கத்தில் மெழுகுவர்த்தியோ ஊதுவத்தியோ எரியக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய அறைகளில் மெழுகுவர்த்தி இல்லாமல் இருப்பது அரிது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அடுப்புத் தீ வேண்டாம். முனை சிவக்கும்போது அடி சூடாகியிருக்காது; புகைக்கரி படியும்; எஃகின் பதமும் கெடும். முழுக்க உலோகத்தால் ஆன கத்தியாக இருந்தால் நன்றாகக் கழுவியபின் 20 நிமிடம் கொதிநீரில் மூழ்க வைத்து எடுக்கலாம். அப்போதும் டெட்டனஸ் போன்ற நோய்க்கிருமிகளின் வித்துகள் சாகாமல் இருக்கக்கூடும். அவற்றைக் கொல்ல 121 டிகிரி செல்சியஸில் நீராவி அழுத்தம் வேண்டும். பிரஷர் குக்கரில் அதை எட்டலாம் என்பார்கள். ஆனால் உள்ளே உண்மையில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் நின்றது என்பதற்கு வீட்டில் எந்தச் சான்றும் கிடையாது.

இவ்வளவும் கத்திக்கு. ஆனால் தொற்று பெரும்பாலும் கத்தியிலிருந்து வருவதில்லை. உங்கள் தோலிலிருந்துதான் வருகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் மூக்கிலேயே சுமந்து திரிகிறோம். அது விரல் வழியாக எல்லா இடத்துக்கும் போகிறது. கீறல் விழும்போது கத்தி கிருமியைக் கொண்டுவருகிறது என்பதைவிட, ஏற்கெனவே தோலின் மேல் இருப்பதற்கு வழி திறந்துவிடுகிறது என்பதே சரி. எனவே இருவரும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவிக்கொண்டு தொடங்குவது எந்தப் புட்டி மருந்தையும்விட முக்கியம். அன்றைக்கு அந்த இடத்தில் ரேசர் போட்டு மழிக்காதீர்கள். ரேசர் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் முடியை மழிக்காமல், நீக்கியே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் மட்டும் வெட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொன்னதும் இதனால்தான்.

பதில்: கன்னங்குறிச்சி

செவிலி அம்மையார் எழுதியதில் பெரும்பகுதியுடன் உடன்படுகிறேன். நாங்கள் இருவரும் பல ஆண்டுகளாக இதில் ஈடுபட்டு வருபவர்கள் என்ற முறையில், நடைமுறையில் உதவுவதைச் சேர்க்கிறேன்.

முதலாவது, கூர்மையைக் கைவிடுங்கள். நீங்கள் சொல்லும் குளிர்ச்சிக்கும் அசையாமைக்கும் கூர் தேவையே இல்லை. கடையில் கிடைக்கும் வெண்ணெய் தடவும் கத்தி, அல்லது விளிம்பை அரத்தால் மழுங்கடித்த ஒரே வார்ப்பிலான ஸ்டீல் கத்தி, கண்ணைக் கட்டியிருப்பவருக்கு உண்மையான கத்தியாகவே உணரப்படும். தோல் கிழியாத இடத்தில் இந்தக் கேள்விகளில் முக்கால்வாசி எழுவதே இல்லை. கூரான கத்தியைக் கண்ணில் காட்டிவிட்டு, தோலில் மழுங்கிய கத்தியை வைப்பது இந்த வட்டத்தில் பழைய உத்தி. அதற்கும் ஒப்புதல் முன்பே பேசியிருக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மழுங்கிய கத்தியிலும் பிசிறு இருக்கும். நீங்கள் குறிப்பிடும் மெல்லிய சிவப்புக் கோடு பெரும்பாலும் அந்தப் பிசிறின் வேலைதான். சிறிது பஞ்சைப் பிரித்து, அலகின் இருபுறமும் முதுகிலும் முனையிலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். பிசிறு உள்ள இடத்தில் ஓர் இழை சிக்கி நிற்கும். விரலால் தடவினால் தெரியாதது பஞ்சில் தெரிந்துவிடும். சிக்கிய இடத்தை நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துவிட்டு மறுபடியும் பஞ்சை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் இதைச் செய்துவிட்டுப் பிறகு கழுவுவது நல்லது.

எஃகைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டெயின்லெஸ் என்றாலே துருப்பிடிக்காது என்று எஃகாலை இருக்கும் இந்த ஊரிலேயே நம்புகிறார்கள். பாத்திரம் செய்யும் 304 வகையில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. கூர் நிற்க வேண்டிய கத்திகளுக்குப் பயன்படும் எஃகில் பெரும்பாலும் 13 விழுக்காட்டை ஒட்டியே குரோமியம் இருக்கும். பிளீச்சிங் நீரிலோ உப்பு நீரிலோ ஊறவைத்தால் அதில் ஊசிக்குத்து போன்ற குழிகள் விழும். அந்தக் குழிகளுக்குள் என்ன தங்கும் என்பதைச் செவிலி அம்மையார் சொன்ன கைப்பிடி இடுக்கை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம். குழி விழுந்த கத்தியைத் தேங்காய் உடைக்க வைத்துக்கொள்ளுங்கள், தோலுக்கு வேண்டாம். கவரிங் நகை போட்டால் அரிப்பு வருபவர்களுக்கு நிக்கல் உள்ள எஃகும் தடிப்பை உண்டாக்கலாம். அதைத் தொற்று என்று எண்ணிப் பயப்பட வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் செவிலி அம்மையாரிடமிருந்து வேறுபடுகிறேன். வித்துகள், 121 டிகிரி என்றெல்லாம் படித்தவுடன் புதிதாக வருபவர்கள் ஒன்று மிரண்டுவிடுகிறார்கள், அல்லது குக்கரில் கத்தியை வேகவைத்துவிட்டோம், இனித் தாராளமாகக் கீறலாம் என்ற துணிச்சலுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. கிழியாத தோலில் வைக்கும் கத்திக்குக் கழுவுதலும் ஆல்கஹாலும் போதும். கிழிக்கப் போகும் கத்திக்கு வீட்டில் செய்யும் எதுவும் போதாது.

ஏற்காட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று விடாமல், வீட்டிலேயே எல்லாம் முடித்து, உலர்ந்த ஸ்டீல் டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அறையில் இருக்கும் கெட்டில் கொதித்தவுடன் அணைந்துவிடும். தவிர ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிரில் விரைத்த தோலுக்கு உணர்வு குறைவு. சேலத்து வெயிலில் சட்டென்று சொல்லக்கூடிய வலியை அங்கே தாமதமாகத்தான் சொல்வார்கள். அறையைச் சூடுபடுத்திக்கொண்டு, குடிக்காமல், நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். காப்பித் தோட்டத்துக்குள் நடந்து முள் கீறிய காலோடு திரும்பியிருந்தால் அன்றைக்கு அந்தக் காலைத் தொட வேண்டாம்.

பதில்: ரத்தப் பரிசோதகர்

கணவன் மனைவிக்குள் கவலைப்பட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: திருமணம் ரத்தத்தைப் பரிசோதித்துத் தருவதில்லை.

மூன்று கிருமிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்களிடம் கண்ட அளவுகளின்படி, எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு, ஹெபடைடிஸ் சி 1.8 விழுக்காடு, ஹெபடைடிஸ் பி 6 முதல் 30 விழுக்காடு. இவை தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி தோலைக் குத்தியதற்கான அளவுகள். கத்திக் கீறலில் வாய்ப்பு குறைவுதான். ஆனால் மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். எல்லோரும் எச்.ஐ.வி.யைப் பற்றியே கேட்கிறார்கள். கத்தி விஷயத்தில் முதலில் அஞ்ச வேண்டியது ஹெபடைடிஸ் பி. உலர்ந்த ரத்தத்தில், கண்ணுக்குக் கறையே தெரியாத பரப்பில்கூட, அந்த வைரஸ் 7 நாள் வரை வீரியத்தோடு இருக்கக்கூடும். போன வாரம் பயன்படுத்திய கத்தியைச் சும்மா துடைத்து எடுப்பது அதற்குப் போதாது.

அதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. அதைப் பெரியவர்கள் பலர் போட்டுக்கொள்ளவில்லை. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுவதும் விரிந்தது 2011 வாக்கில்தான் என்பதால், முப்பதுகளில் இருப்பவர்கள் தாமாகப் போட்டிருந்தால்தான் உண்டு. 0, 1, 6 மாதங்கள் என்று மூன்று ஊசிகள். அதாவது ஏற்காட்டுக்குப் புறப்படும் முன் இது முடியாது, ஆனால் முதல் ஊசிக்கு முன்னதாக இருவரும், ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடலாம். ஒருவருக்கு இருப்பதாகத் தெரிந்தால் கத்தியைத் தள்ளி வையுங்கள். மற்றவருக்கு ஊசி உடனே தேவை, கத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவச மாத்திரைகள் உண்டு, பெரும்பாலோர் சில மாதங்களில் குணமாகிறார்கள். எச்.ஐ.வி. பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் காசில்லாமல் செய்யலாம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியிடவோ கூடாது. குடும்ப மருத்துவரையும் மாமனாரையும் தாண்டிச் செல்ல இது ஒரு வழி.

ஒரு கத்தி ஒருவருக்கு என்று பிரித்து வைத்துக்கொள்வது மிகச் சிக்கனமான பாதுகாப்பு. ஒரே கத்தியை இருவர் தோலிலும் மாற்றி மாற்றி வைப்பதாக இருந்தால் நடுவில் முழுமையாகக் கழுவியாக வேண்டும். அந்த நேரத்தில் அதை யாரும் செய்வதில்லை.

அஸ்தம்பட்டி வாசகி

மிக்க நன்றி. ஒரு கோடு விழுந்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது, எப்போது மருத்துவரிடம் போவது என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் வெட்டுப்பட்டால் காப்பித்தூளை அப்புவதுதான் வழக்கம். ஏற்காட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. போய் என்ன சொல்வது என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: பெயர் வேண்டாத மருத்துவர்

காப்பித்தூளைத் தம்ளருக்கு விட்டுவிடுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, பற்பசை ஆகிய எதுவும் திறந்த காயத்துக்குள் போகக் கூடாது. தூள் உறைந்து ரத்தத்தை நிறுத்துவது போலத் தோன்றும். அதன் அடியில் கிருமி மூடிக்கொண்டு வளரும், நாங்கள் பிறகு அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

கோடு விழுந்தவுடன் விளையாட்டு நிற்க வேண்டும். ஓடும் குடிநீரில் அந்த இடத்தைச் சில நிமிடம் கழுவுங்கள். சுற்றிலும் சோப்பு போடலாம். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே திறந்து பார்க்காமல் பத்து நிமிடம் பிடிப்பதுதான் அழுத்துவது. மெல்லிய கீறலுக்குப் போவிடோன் அயோடின் ஒருமுறை தடவி உலர விடலாம். அயோடின் ஒவ்வாமையோ தைராய்டு சிக்கலோ உள்ளவர்கள் அதையும் தவிர்த்துத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் காயத்துக்குள் ஊற்ற வேண்டியவை அல்ல. அவை ஆறிவரும் திசுவையும் சேர்த்து எரிக்கின்றன. காயத்தை வாயால் உறிஞ்சுவதும் நக்குவதும் கூடவே கூடாது. இந்த விளையாட்டில் அது நடக்கிறது என்பதை அறிந்துதான் எழுதுகிறேன்: வாயில் உள்ள கிருமிகள் காயத்துக்கும், காயத்தில் உள்ள ரத்தம் ஈறுக்கும் போகின்றன.

மறுநாள் காலையில் கீறலைப் பாருங்கள். கோட்டை ஒட்டி மெல்லிய சிவப்பு விளிம்பும் லேசான தடிப்பும் இருப்பது இயல்பு. இரண்டாம் நாள் அது மங்க வேண்டும். மங்காமல் சிவப்பு அகன்றுகொண்டே போனால், அதன் எல்லையைப் பேனாவால் வரைந்து வையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, துடித்து வலித்தாலோ, சீழ் வந்தாலோ, அங்கிருந்து கை கால் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலோ, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் நீங்களே ஆண்டிபயாடிக் கேட்டு வாங்கி இரண்டு வேளை போட்டுவிட்டு நிறுத்துவது காரியத்தைக் கெடுக்கும். சர்க்கரை நோயாளிகள், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை எடுப்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், தழும்பு தடித்து வளரும் தோல் உள்ளவர்கள் ஆகியோர் கீறல் விழ வாய்ப்புள்ள எதிலும் ஈடுபடாமல் இருப்பதே என் பரிந்துரை. படர்தாமரை இருக்கும் இடத்திலும் மருவுள்ள இடத்திலும் கத்தியை இழுத்தால் அவை கோட்டின் வழியே வரிசையாகப் பரவும். கடந்த சில ஆண்டுகளாகச் சாதாரண களிம்புக்குக் கட்டுப்படாத படர்தாமரையை அதிகம் பார்க்கிறோம். அதனால் இதை அற்பம் என்று விட வேண்டாம். அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகியவை ஈரமும் கிருமியும் மிகுந்த இடங்கள். அங்கே மழுங்கிய கத்தியும் வேண்டாம்.

டெட்டனஸ் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அது துருவில் பிறப்பதில்லை. மண், தூசு, சாணம் ஆகியவற்றில் உள்ள வித்துகளால் வருகிறது. பளபளக்கும் கத்தியும் தரையில் விழுந்து எடுத்தால் அதைக் கொண்டுவரலாம். பெரியவர்களுக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறை ஊக்க ஊசி வேண்டும். மண் பட்ட அல்லது ஆழமான காயமாக இருந்தால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தாலே இன்னொன்று வேண்டும். கருவுற்ற காலத்தில் பெண்களுக்கு இது போடப்பட்டுவிடுகிறது. ஆண்களைக் கேட்டால், பள்ளியில் போட்டதுதான் கடைசி என்று பலர் சொல்கிறார்கள். உங்கள் கணவரிடம் இன்றே கேளுங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்வது என்பதற்கு விடை எளிது: எது வெட்டியது, எப்போது, எவ்வளவு ஆழம், கத்தியில் வேறொருவர் ரத்தம் இருந்ததா. இந்த நான்கும் உண்மையாக இருக்க வேண்டும். மீதியை நீங்கள் விரும்பிய அளவுக்குச் சொல்லலாம். காய்கறி நறுக்கும்போது என்று பொய் சொன்னால், பிறர் ரத்தம் பட்டது என்ற ஒரே முக்கியமான செய்தி எங்களுக்குக் கிடைக்காமல் போகும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் கீறலில் பட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம், 1097 என்ற இலவச எண்ணிலும் வழி சொல்வார்கள். ஹெபடைடிஸ் பி என்றால் அதற்கான ஊசிகளை 24 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. ஆழமான கத்திக் காயத்தை அரசு மருத்துவமனையில் காவல்துறைக்குத் தெரிவிக்கும் வழக்காகப் பதிவு செய்வது நடைமுறை. அதை முன்கூட்டியே அறிந்திருங்கள்; அதற்குப் பயந்து தையல் போட வேண்டிய காயத்தோடு வீட்டில் உட்காராதீர்கள்.

ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நரம்போ தசைநாரோ அறுபட்ட காயம் என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்குத்தான் இறங்க வேண்டியிருக்கும், அதுவும் இரவிலும் மூடுபனியிலும். மலைமேல் இருக்கும் இரண்டு நாளில் மழுங்கிய கத்தியோடு நிறுத்திக்கொள்வது நலம்.

புதியவன்

மருந்துக்கடையில் உறையோடு விற்கும் சர்ஜிக்கல் பிளேடு ஏற்கெனவே கிருமி நீக்கப்பட்டதுதானே? அதை வாங்கி, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட்டால் மேலே சொன்ன கழுவும் தொல்லை எதுவும் இருக்காது அல்லவா?

பதில்: பச்சை அங்கி

உறை கிழியாமலும் காலாவதி ஆகாமலும் இருக்கும் வரை அது கிருமி நீங்கியதுதான். உறையைப் பிரித்து உங்கள் கையும் மெத்தையும் தொட்ட கணத்திலிருந்து அன்று. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. சமையலறைக் கத்தி தோலில் தடுக்கும், வலிக்கும், அதனால் கை நிற்கும். சர்ஜிக்கல் பிளேடு தடுக்காது. வெட்டுப்பட்டவருக்கே முதல் நொடியில் தெரியாது. மணிக்கட்டிலும் விரலிலும் தசைநார் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கற்ற கைகள் நல்ல விளக்கொளியில் பயன்படுத்த வேண்டிய பொருளை, அசைந்துகொண்டிருக்கும் உடலின் மேல், மங்கலான வெளிச்சத்தில் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கிருமியே இல்லாத பிளேடால் அறுந்த நரம்பும் அறுந்ததுதான்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது, தவறாக எண்ண வேண்டாம். இருவர் சேர்ந்து ஆடும் விளையாட்டாக இல்லாமல், மனத்தின் பாரத்தை இறக்கத் தனியாகக் கீறிக்கொள்ளும் எண்ணத்தில் யாராவது இந்தக் கேள்வி பதிலைப் படித்துக்கொண்டிருந்தால், அது வேறு விஷயம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பதில்: கன்னங்குறிச்சி

பிளேடைப் பற்றிச் செவிலி அம்மையார் சொன்னதே என் கருத்தும். முடித்தபின் செய்ய வேண்டியதை மட்டும் சேர்க்கிறேன். விரிப்பில் ரத்தப் பொட்டு இருந்தால் முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகுதான் வெந்நீரில் துவைக்க வேண்டும். வெந்நீரை முதலில் ஊற்றினால் ரத்தம் துணியில் உறைந்து நிற்கும். தரையில் பட்டிருந்தால், கையுறை போட்டுத் துடைத்தபின், 4 முதல் 5 விழுக்காடு உள்ள பிளீச்சிங் திரவத்தில் 1 பங்குக்கு 9 பங்கு நீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும். அதோடு கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலந்துவிடாதீர்கள்; நச்சு வாயு கிளம்பும். தேய்ந்தோ குழி விழுந்தோ கழிக்கும் கத்தியின் முனையை அட்டையில் சுற்றி டேப் ஒட்டி, மூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துத் தனியாகக் கொடுங்கள். காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் பையைக் கையால்தான் அழுத்துகிறார்.

அஸ்தம்பட்டி வாசகி

வெண்ணெய்க் கத்தி ஒன்று வாங்கியாகிவிட்டது. பஞ்சு ஓட்டிப் பார்த்ததில் முனைக்குச் சற்றுக் கீழே ஓர் இழை சிக்கியது; நீர்த்தாளில் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். கணவருக்கு டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று அவருக்கும் தெரியவில்லை, அவர் அம்மாவுக்கும் தெரியவில்லை. நாளை இருவரும் ரத்தம் கொடுக்கப் போகிறோம், எச்.பி.எஸ்.ஏ.ஜி. முடிவு வந்தபின் இங்கேயே எழுதுகிறேன்.